நாவும் உடம்பும்: பூச்சிகளின் சுவையறிவு ஆராயப்பட்ட வரலாறு

உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுத்த தொல்காப்பியர், மரபியலில் சிதலையும் எறும்பையும் மூவறிவுடையன என்றும், நண்டையும் தும்பியையும் நாலறிவுடையன என்றும் வைத்தார். ஊற்றுணர்வுக்கு அடுத்தபடியாக அவர் எண்ணியது நாவுணர்வு. ஆகவே அவர் கணக்கின்படி எறும்பும் கறையானும் தும்பியும் சுவை அறியும் உயிர்களே. செவியுணர்வை அவற்றுக்கு அவர் தரவில்லை. இக்கால ஆராய்ச்சி அதனை ஏற்பதில்லை. சுவையைப் பற்றிய வரையில் அவர் கூற்றில் பிழை காண்பதற்கு இடமில்லை.

ஆனால் அந்த நா எங்கே இருக்கிறது? அஃது அறிவது எதனை? பண்டத்தில் உள்ள சுவையையா, அன்றி உடம்புக்கு வேண்டும் சத்தையா? முதல் வினாவுக்கு விடை எளிதாகவே கிடைத்தது. இரண்டாம் வினாவோ ஒரு நூற்றாண்டுக் காலம் அறிஞர்களை அலைக்கழித்தது. சுவையும் சத்தும் ஒன்றே என்று எண்ணுவது மனித இயல்பு. நாவுக்கு இனியது உடம்புக்கும் நல்லது என்று குழந்தை நம்புகிறது. பெரியவர்களும் பல வேளைகளில் அப்படியே நம்புகிறார்கள். பூச்சிகளை ஆராயப் புகுந்தவர்களும் முதலில் இந்த நம்பிக்கையோடுதான் தொடங்கினர்.

1885ஆம் ஆண்டில் பிரீடரிக் வில் என்னும் ஜெர்மானிய அறிஞர் குளவிகளிடம் ஓர் எளிய சோதனை செய்தார். குளவிகள் பழகி வந்து தின்னும் சீனித்தூளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் படிகாரத் தூளை வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தன. குளவிகள் வழக்கம்போல் வந்து வாய் வைத்தன. வைத்த அளவில் விலகி, வாயைத் துடைத்துத் தூய்மை செய்யத் தொடங்கின. கண்ணையும் மூக்கையும் கடந்த ஓர் அறிவு வாயில் உண்டு என்பது இதனால் உறுதிப்பட்டது.

சுவைப்பொறி வாயில் மட்டும் இல்லை என்பதைக் காட்டியவர் அமெரிக்க நாட்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் டுவைட் மின்னிச். 1921ஆம் ஆண்டில் அவர் வண்ணத்துப்பூச்சிகளைச் சிறகால் பிடித்து நிறுத்தி, அவற்றின் காலடி மட்டும் ஈரத்தில் படுமாறு செய்தார். முதலில் வேண்டுமளவு தண்ணீர் குடிக்க விட்டார். தாகம் தணியாத பூச்சி தண்ணீருக்கே உறிஞ்சுகுழலை நீட்டிவிடும் அன்றோ? தாகம் தீர்ந்த பின்னர்த் தண்ணீரில் கால் பட்டபோது குழல் சுருண்டே கிடந்தது. சீனி நீரில் கால் பட்டவுடன் நீண்டது. பூச்சி தன் உணவைக் காலால் மிதித்தே சுவை பார்க்கிறது! சமையலறையில் சோற்றின் மேல் ஈ நடப்பதைக் காண்பவர்கள், அது வெறும் நடை அன்று என்பதை இதிலிருந்து உணரலாம்.

மின்னிச் கண்ட மற்றொரு செய்தி இதனினும் பெரிது. நன்கு உண்ட பூச்சிக்கும் பட்டினி கிடந்த பூச்சிக்கும் கால் உணர்ச்சி ஒன்றாக இல்லை. பட்டினி நீள நீள, மேலும் மேலும் நீர்த்த சீனி நீரையும் அது கண்டுகொண்டது. நெடும் பட்டினிக்குப் பின், மனிதனுடைய நா இனிப்பென்று அறியும் அளவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேல் நீர்த்த நீரில் கூட அதன் கால் இனிப்பை அறிந்தது. சுவை என்பது பண்டத்தில் மட்டும் இல்லை, உண்பவனின் நிலையிலும் இருக்கிறது என்பதற்கு இது முதற்சான்று. ஆயினும் இதன் முழுப் பொருள் பல்லாண்டுகள் கழித்தே விளங்கியது.

தேனீக்களின் மொழியைக் கண்டறிந்து 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், அதற்கு நெடுங்காலம் முன்னரே தேனீயின் சுவையை அளந்து பார்த்தார். 1934இல் அவர் வெளியிட்ட ஆய்வில், சீனிகளும் அவற்றை ஒத்த பொருள்களுமாக 34 வகைகள் சோதிக்கப்பட்டன. மனிதருக்கு அவற்றில் 30 இனித்தன. தேனீக்கு 9 மட்டுமே இனித்தன. சாக்கரினை மனிதர் சீனிக்கு மாற்றாகக் கொள்கின்றனர்; தேனீ அதனை இனிப்பாகவே கருதவில்லை. தேனீக்கு இனித்தவை பெரும்பாலும் அதன் உடம்புக்கு உணவாகக் கூடியவை. ஆகவே, சுவை சத்துக்கு வழிகாட்டி என்று சொல்ல இடமிருந்தது. ஆனால் சுவை சிறிதும் தராத சில பொருள்கள் தேனீயின் உயிரைக் காக்கும் உணவாக இருப்பதும் அக்காலத்திலேயே காணப்பட்டது. வழிகாட்டி எல்லா வழியும் அறிந்தவர் அல்லர் என்பது அப்போதே தெரிந்தது.

தேனுண்ணும் உயிர்களின் நிலை இவ்வாறிருக்க, இலையுண்ணும் புழுக்களை ஆராய்ந்தவர்கள் வேறொரு திசையில் சென்றுகொண்டிருந்தனர். இதன் தொடக்கத்தைக் காண 1910ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டும். முட்டைக்கோசைத் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு, கடுகுக் குடும்பத்துச் செடிகளையும், அவற்றைப் போன்ற காரம் உடைய வேறு சிலவற்றையும் தவிரப் பிறவற்றைத் தொடுவதில்லை. ஏன்? ஆம்ஸ்டர்டாம் நகரத்து வெர்ஷாஃபெல்ட் என்னும் தாவரவியலார், அப்புழு தொடாத இலைகளின் மேல் கடுகுக் குடும்பத்துச் செடியின் சாற்றைத் தடவி வைத்தார், புழுக்கள் தின்றன. பின்னர்ச் சாற்றையும் விட்டுவிட்டு, கடுகின் காரத்துக்குக் காரணமான சினிகிரின் என்னும் பொருளைத் தனியே தடவினார், அப்போதும் தின்றன. சினிகிரினால் புழுவுக்கு ஒரு சத்தும் இல்லை. அஃது உணவின் அடையாளமே அன்றி உணவு அன்று. கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே நுழைபவன் பெயர்ப்பலகையைத் தின்ன வருவதில்லை அல்லவா?

இந்தக் கருத்தைப் பெருங்கொள்கையாக வளர்த்தவர் காட்பிரீட் ஃபிரெங்கல். 1901இல் மியூனிக்கில் பிறந்த இவர், யூதர் என்ற காரணத்தால் 1933இல் பிராங்பர்ட்டில் பதவி இழந்து இலண்டனுக்குச் சென்றார். போர்க்காலத்தில் அங்கே, மாவிலும் தானியத்திலும் விழும் வண்டுகளுக்கும் புழுக்களுக்கும் எந்தெந்தச் சத்துகள் இன்றியமையாதன என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். தானியம் அரிதாக இருந்த அந்நாளில் அதைத் தின்னும் பூச்சியை அறிவதும் ஒரு போர்ப்பணியே. 1948இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர்ந்தார். மாப்புழு ஒன்றுக்குத் தேவையான ஒரு தனி வைட்டமினை அவர் குழுவினரே சுட்டினர். பின்னர் அது கார்னிட்டின் என்று அறியப்பட்டது.

இத்தனை பூச்சிகளுக்கும் உணவு வகுத்துப் பார்த்தவருக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. பூச்சிகளுக்கு வேண்டிய சத்துகள் இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடுவதில்லை. பச்சை இலை எதுவாயினும் அச்சத்துகள் ஏறக்குறைய எல்லாம் அதில் உள்ளன. அப்படியாயின் ஒரு புழு முட்டைக்கோசையும் மற்றொரு புழு முசுக்கட்டை இலையையும் மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது சத்துக்காக இருக்க முடியாது. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்து வைத்த காரமும் கசப்பும் மணமுமே பூச்சியை விரட்டுகின்றன. பழகிய பூச்சிக்கு அவையே அழைப்பும் ஆகின்றன. 1959இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுவே. பூச்சியின் நா சத்தை அறிவதில்லை, அடையாளத்தையே அறிகிறது என்பது இதிலிருந்து எழும் முடிபு.

இதனை மறுத்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜே. எஸ். கென்னடி. அவர் ஆராய்ந்தது அவரைச் செடியில் மொய்க்கும் கருநிறச் செடிப்பேனை. 1951இல் அவரும் பூத் என்பவரும் வெளியிட்ட ஆய்வு, ஒரே செடியில் இப்பூச்சி எல்லா இலைகளையும் ஒன்றாகக் கருதுவதில்லை என்று காட்டியது. தளிரை விரும்பியது, பழுக்கத் தொடங்கிய இலையையும் விரும்பியது, இடையில் உள்ள முதிர்ந்த பச்சை இலையை வெறுத்தது. மூன்றும் ஒரே செடியின் இலைகள். செடியின் அடையாளம் மூன்றிலும் உண்டு. வேறுபடுவது சாற்றின் சத்தே. வளரும் இலைக்கும் வாடும் இலைக்கும் சாற்றில் அமினோ அமிலங்கள் மிகுதியாக ஓடுகின்றன. ஆகவே பூச்சி இரண்டையும் அறிகிறது, செடியின் அடையாளத்தையும் அறிகிறது, அதன் சத்தையும் அறிகிறது என்றார் கென்னடி.

இருவர் கூற்றிலும் நேர்மையான சான்றுகள் இருந்தன. தீர்ப்புச் சொல்ல வேண்டியவை பூச்சிகளே.

1961இல் ஃபிரெங்கலும் அவர் மாணவர் வால்ட்பாயரும் சற்றுக் கொடுமையான, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு சோதனையை வெளியிட்டனர். புகையிலைக் குடும்பத்துச் செடிகளை மட்டும் தின்னும் ஒரு பெரும் புழுவின் கீழ்த்தாடைகளை, அதாவது சுவைமயிர்கள் உள்ள உறுப்புகளை, வெட்டி நீக்கினர். அதன்பின் அப்புழு தன் வாழ்நாளில் தொட்டறியாத வேறு குடும்பத்துச் செடிகளைத் தின்றது. தின்றதோடு நில்லாமல் வளரவும் செய்தது. பட்டுப்புழுவிடம் ஜப்பானியர் இதற்குப் பல ஆண்டுகள் முன்பே இத்தகைய விளைவைக் கண்டிருந்தனர். இலையில் சத்து இருந்தது, உடம்பு அதை ஏற்கவும் வல்லது. தடுத்துக்கொண்டிருந்தது நா ஒன்றே. ஃபிரெங்கலுக்கு இது பெரிய வெற்றி.

பட்டுப்புழுவை ஜப்பானியர் விடாமல் ஆராய்ந்ததற்குக் காரணம் தொழில். முசுக்கட்டை தழைக்கும் காலத்தில் மட்டுமே பட்டு விளையும் என்ற நிலையை மாற்ற விரும்பினர். கோபே நகரத்து ஹமாமுரா என்பவர், முசுக்கட்டை இலையில் புழுவை அழைக்கும் மணப்பொருள் வேறு, கடிக்கத் தூண்டும் பொருள் வேறு, விழுங்கச் செய்யும் பொருள் வேறு என்று பிரித்துக் காட்டினார். விழுங்கச் செய்வது வெறும் செல்லுலோசு, அதாவது நார்! 1960ஆம் ஆண்டளவில் செயற்கை உணவிலேயே கூடு கட்டும் வரை புழுக்கள் வளர்க்கப்பட்டன. பின்னர்ப் பட்டுப்புழுவின் தாடையில் கசப்பை அறியும் அணுவோடு, சீனியையும் இனோசிட்டால் என்னும் சத்தையும் தனித்தனியே அறியும் அணுக்களும் காணப்பட்டன. இவை அடையாளங்கள் அல்ல, உண்மையான உணவுப் பொருள்கள். கென்னடியின் பக்கத் தட்டு மெல்லத் தாழத் தொடங்கியது.

அணுவை அறியும் கருவி எவ்வாறு கிடைத்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பூச்சியின் சுவைமயிர் மிக நுண்ணியது. அதன் தோல் மின்சாரத்தைக் கடத்தாது. நரம்பின் மின்துடிப்பை அளக்க ஊசியைக் குத்தினால் மயிர் அழியும். 1955இல் அமெரிக்காவின் ஹாட்ஜ்சன், லெட்வின், ரோடர் மூவரும் இதற்கு வியக்கத்தக்க எளிய வழியைக் கண்டனர். மயிரின் நுனியில் இயற்கையாகவே ஒரு சிறு துளை உண்டு. உணவு உட்புகுவது அதன் வழியே. மெல்லிய கண்ணாடிக் குழாயில் உப்பு நீரையோ, சிறிதளவு உப்புச் சேர்ந்த சீனி நீரையோ நிரப்பி, அதை மயிரின் நுனியில் தொப்பி போல மாட்டினர். குழாயில் உள்ள நீரே உணவும் ஆயிற்று, மின்கம்பியும் ஆயிற்று. சுவை சேரும் அந்தக் கணத்திலேயே நரம்பணுவின் துடிப்பு கருவியில் பதிந்தது.

இந்த வழியால், இறைச்சியிலும் அழுகற்பொருளிலும் மொய்க்கும் கருநிற ஈயின் வாய் மயிர்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. அவை இருநூற்றுக்கு மேற்பட்டவை. ஒவ்வொரு மயிரிலும் சீனிக்கு ஓர் அணு, உப்புக்கு ஓர் அணு, தண்ணீருக்கு ஓர் அணு, தொடுகைக்கு ஓர் அணு எனத் தனித்தனியே இருந்தன. இந்த ஈயோடு தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவர் வின்சென்ட் டெதியர். ஈயை ஆராயும் இன்பத்தை நகைச்சுவையோடு சொல்லும் அவருடைய சிறு நூல் 1962இல் வெளிவந்தது. ஒரே ஒரு மயிரின் நுனியில் சீனி நீரைத் தொட்டாலும் பசித்த ஈ குழலை நீட்டுகிறது என்பதை அவர் காட்டினார்.

சுவையும் சத்தும் ஒன்றல்ல என்பதையும் டெதியரே அளவிட்டுக் காட்டினார். 1950இல் பல சீனிகளைச் சுவை வரிசையிலும் சத்து வரிசையிலும் வைத்துப் பார்த்தபோது இரண்டு வரிசைகளும் பொருந்தவில்லை. மேனோசு ஈயின் உடம்புக்கு நல்ல உணவு. நாவுக்கு அது அவ்வளவு சுவைப்பதில்லை. ஃபியூகோசு நாவுக்கு நன்கு இனிக்கிறது. உடம்புக்கு அதனால் பயன் இல்லை. அதை மட்டும் குடிக்கும் ஈ, வயிறு நிறைந்த நிலையிலேயே பட்டினியால் சாகும். இனிப்பை நம்பிக் கெட்ட உயிருக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

உண்பதை ஈ எப்போது நிறுத்துகிறது? குருதியில் சீனி ஏறியவுடன் நிறுத்தும் என்று எவரும் எதிர்பார்ப்பர். 1958இல் டெதியரும் போடன்ஸ்டைனும் குருதியிலேயே சீனியைச் செலுத்திப் பார்த்தனர். ஈ உண்பதை நிறுத்தவில்லை. ஆனால் முன்குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் ஒரு சிறு நரம்பை வெட்டியபோது, ஈ குடித்துக்கொண்டே இருந்தது. வயிறு வெடிக்குமோ என்னும் அளவுக்கு உப்பியது. அந்நாளில் இதிலிருந்து கொள்ளப்பட்ட முடிபு, சுவை தொடங்கி வைக்கிறது, குடலின் நிறைவு நிறுத்தி வைக்கிறது, சத்துக்கு இதில் பேச்சே இல்லை என்பது. முடிபு தவறன்று, முழுமையும் அன்று.

குறையை நிரப்பியவை வெட்டுக்கிளிகள். ஆக்ஸ்பர்டில் ஸ்டீபன் சிம்ப்சன் 1980களில் அவற்றின் வாயருகே உள்ள சிறு உணர்காம்புகளை ஆராய்ந்தார். இலையைத் தின்னும் முன் வெட்டுக்கிளி இக்காம்புகளால் இலையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு நுனியிலும் நூற்றுக்கணக்கான சுவைப்பொறிகள் உள்ளன. 1988இல் அவரும் அபிஸ்கோல்டும் வெளியிட்ட முடிவு இது: புரதம் குறைந்த உணவு தின்ற வெட்டுக்கிளியின் குருதியில் அமினோ அமிலம் குறைகிறது, அப்போது காம்பின் பொறிகள் அமினோ அமிலத்துக்கு மிகுந்த துடிப்போடு விடையளிக்கின்றன. குருதியில் அமினோ அமிலத்தை ஊசியால் செலுத்தினால் அத்துடிப்பு தணிகிறது. மூளை ஆணையிடும் வரை காத்திராமல், நாவே குருதியின் குறையை அறிந்து தன் கூர்மையை மாற்றிக்கொள்கிறது. மின்னிச் கண்ட பட்டினிப் பூச்சியின் கூர்மைக்கு, பல்லாண்டுகளுக்குப் பின்னர் இவ்வாறு ஒரு விளக்கம் பிறந்தது. ஈயின் குருதியில் செலுத்திய சீனி உண்பதை நிறுத்தவில்லை. வெட்டுக்கிளியின் குருதியில் செலுத்திய அமினோ அமிலம் நாவையே மாற்றியது. ஒரு பூச்சியிடம் கண்டதைப் பூச்சிக்குலம் முழுவதற்கும் விதியாக்கக் கூடாது என்பதும் இதனால் பெறப்படும்.

சிம்ப்சனும் ராபன்ஹைமரும் பின்னர் 25 வகை உணவுகளைப் புரதமும் மாச்சத்தும் வெவ்வேறு அளவில் இருக்குமாறு சமைத்து வெட்டுக்கிளிகளுக்கு அளித்தனர். புரதம் குறைந்த உணவு பெற்றவை, வேண்டிய புரதம் சேரும் வரை மிகுதியாக உண்டு, அதனால் மாச்சத்து மிஞ்சிக் கொழுத்தன. இரண்டு உணவுகளை எதிரெதிரே வைத்துத் தேர்ந்துகொள்ள விட்டபோதோ, தமக்கு ஏற்ற விகிதத்தைத் தாமே கலந்து உண்டன.

இதே காலத்தில் பம்பாயிலும் ஒரு முயற்சி நடந்தது. டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் ஒபைத் சித்திக்கியும், கென்யாவில் பிறந்து அவரிடம் ஆராய்ச்சி மாணவராக வந்த வெரோனிக்கா ரோட்ரிக்ஸும் பழ ஈக்களில் சுவை குன்றிய பிறவிகளைத் தேடினர். ஆயிரக்கணக்கான ஈக்களில், இனிப்பை நாடாதவையும் கசப்பை வெறுக்காதவையுமாகச் சிலவற்றைப் பிரித்தெடுத்து, அக்குறை மரபாக இறங்குவதைக் காட்டினர். 1981இல் அவர்கள் விவரித்த ஒரு வகை ஈக்குக் குளுக்கோசு வகைச் சீனிகளில் உணர்ச்சி மந்தம், பழச்சீனியில் குறைவில்லை. இனிப்பு என்று நாம் ஒரு சொல்லால் குறிப்பது ஈயின் நாவில் பல வாயில்கள் என்பது இதனால் விளங்கிற்று. ஜப்பானின் கியூஷூப் பல்கலைக்கழகத்தில் தனிமுராவும் இவ்வழியில் உழைத்தார். 2000ஆம் ஆண்டில் பழ ஈயின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, சுவைக்கென்றே ஏறத்தாழ 60 மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது.

நாவே இல்லாத ஈ சத்தை அறியுமா? இவ்வினாவை எழுப்பியவர்கள் நியூயார்க்கில் கிரெக் சூவும் மோனிக்கா டஸும். சுவைமயிர்கள் அனைத்தும் தொடுமயிர்களாக மாறிப் பிறக்கும் ஒரு வகை ஈ உண்டு. அதற்கு இனிப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது. அத்தகைய ஈக்களை நெடுநேரம் பட்டினி போட்டு, சத்துள்ள சீனி, சத்தற்ற சீனி இரண்டையும் முன்வைத்தனர். நாவற்ற ஈக்கள் சத்துள்ளதையே மிகுதியாக உண்டன! இது 2011இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஸ்காட் வாடலும் அவர் குழுவினரும் நினைவாற்றலைக் கொண்டு இதனையே காட்டினர். ஒரு மணத்தோடு, இனித்தும் சத்தில்லாத அரபினோசைச் சேர்த்து ஈக்களைப் பழக்கினால், அம்மணத்தின் நினைவு மறுநாள் வரை வலிமையோடு நிற்பதில்லை. அதில் சுவையில்லாத, ஆனால் சத்துள்ள சார்பிட்டாலைக் கலந்துவிட்டால் நினைவு நிலைக்கிறது.

இவ்வறிவு தலைக்குள்ளேயே இருந்தது. 2012இல் ஹூபர்ட் அம்ரெயின் குழுவினர், குருதியில் ஏறும் பழச்சீனியை அறியும் சில அணுக்களை ஈயின் மூளையில் கண்டனர். அவ்வணுக்களில் இருப்பது நாவில் உள்ளதைப் போன்ற ஒரு சுவைவாயிலே. பசித்தபோது அது மேலும் உண்ணத் தூண்டுகிறது. நிறைந்தபோது போதும் என்கிறது. 2015இல் சூ குழுவினர் வேறு சில அணுக்களைக் கண்டனர்; உடம்புக்குப் பயன்படும் சீனி பட்டால் மட்டுமே அவை துடிக்கின்றன. இனிப்பாக மட்டும் இருந்து சத்தற்ற சீனியை அவை பொருட்படுத்துவதில்லை.

புரதத்தின் வரலாறு இன்னும் எழுதப்பட்டு வருகிறது. லிஸ்பன் நகரில் கார்லோஸ் ரிபெய்ரோ குழுவினர், இன்றியமையாத அமினோ அமிலம் ஒன்று குறைந்தாலும் பழ ஈ, தன் புரத உணவாகிய ஈஸ்டை வெறியோடு தேடுவதைக் கண்டனர். ஆனால் அவ்வீயின் குடலில் இரண்டு வகை நுண்ணுயிர்கள் சேர்ந்து குடியிருந்தால், அதே குறை இருந்தும் அந்த வேட்கை அடங்கிவிடுகிறது. 2017இல் வெளிவந்த செய்தி இது. சுவையை நாவில் தேடத் தொடங்கியவர்கள் காலுக்கும், குருதிக்கும், மூளைக்கும் சென்று, இப்போது குடலில் வாழும் உயிர்களின் வாசலில் நிற்கிறார்கள்.